எல்லோருக்கும் இருபது

ஏதாவது ஒரு பொது வார்டில் கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் 98.4, 99.2, 101 என்று ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அப்படித்தான். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் நிமோனியாவோடு படுத்திருப்பவருக்கும் 20, கால் எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கும் 20 என்று இருக்கும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதே 20. எண்ணி எழுதியது அல்ல அது. முந்தைய வேளைக் கட்டத்தைப் பார்த்து எழுதியது.

நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதை மற்ற எண்களுக்கு முந்திக்கொண்டு சொல்லக்கூடியது மூச்சு எண்ணிக்கை. அதைத்தான் நாம் எண்ணாமல் விடுகிறோம். நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது. 2008-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்றே குறிப்பிட்டது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 25-ஐத் தொட்டால் அந்த ஒரு குறிக்கே உச்ச மதிப்பெண்ணான 3. எட்டுக்கு இறங்கினாலும் 3.

ஏன் விட்டுவிடுகிறோம்? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, பி.பி.க்குக் கருவி உண்டு, விரலில் மாட்ட ஆக்சிமீட்டர் உண்டு. பொது வார்டில் மூச்சுக்கென்று கருவி கிடையாது. கண்ணும் கடிகாரமும் முழுதாக ஒரு நிமிடமும்தான் வேண்டும். இரவுப் பணியில் ஒரே ஸ்டாஃப் முழு வார்டையும் பார்க்கும் இடங்களில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணச் சொல்கிறேன். காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதயம் தன் துடிப்பைத் தானே தொடங்கிக்கொள்ளும். நுரையீரலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதில் தன்னை விரித்துக்கொள்ளும் தசையே கிடையாது. மூளையின் அடியில் உள்ள முகுளம் ஒவ்வொரு மூச்சுக்கும் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களில் இருந்து கிளம்பும் நரம்பு வழியாக இறங்கி, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை அடைகிறது. விபத்தில் கழுத்து அடிபட்டவரைத் தலையையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் புரட்ட வேண்டும் என்று சீனியர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். அந்த வேர்களுக்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும்.

உத்தரவு கிடைத்ததும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். விலா எலும்புகள் மேலெழும்பி விரிகின்றன. சிரிஞ்சின் பிஸ்டனைப் பின்னால் இழுத்தால் மருந்து உள்ளே ஏறுகிறதே, அதே விதிதான். நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு கூடி உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தானாக நுழைகிறது. மூச்சை வெளியே விடுவதற்கு அமைதியாக இருக்கும்போது உழைப்பே தேவையில்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். ஆகவே, சும்மா படுத்திருப்பவரின் கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போலப் புடைத்தாலோ, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தாலோ, மூச்சை விடும்போது வயிறு இறுகினாலோ, உதவித் தசைகள் வேலைக்கு வந்துவிட்டன என்று பொருள். அவை வெகுநேரம் தாங்காது.

இனி ஒரு கணக்கு. நோட்டுப் புத்தகத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பெரியவர் ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் வரை வந்து அப்படியே திரும்பிவிடும். ரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேருவது 350 மில்லிதான். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் உள்ளே போவது 7,500 மில்லி, பயன்படுவது 5,250. இப்போது அதே ஆள் 250 மில்லி மட்டும் இழுத்து நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விடுகிறார். உள்ளே போவது அதே 7,500. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த 150 வீணாகிறது. நுண்ணறைக்குக் கிடைப்பது 100 மில்லி. முப்பதால் பெருக்கினால் 3,000. மூச்சின் எண்ணிக்கை இரண்டு மடங்கு, பலன் பாதிக்குச் சற்று மேலே. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடுபவர் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களிடம் இதை அன்றாடம் பார்க்கலாம். தையல் வலிக்குப் பயந்து ஆழமாக இழுக்க மாட்டார்கள், இரும மாட்டார்கள், மல்லாந்தே படுத்திருப்பார்கள். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றே போகாமல் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், கிருமி வளரும். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்தால் குடல் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் விடுகிறது. மூன்று பந்துள்ள ஸ்பைரோமீட்டரைக் கொடுப்பதும் இதற்குத்தான். பந்து ஊதுகிற மெஷின் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு வாயில் வைத்து ஊதித் தள்ளுகிற நோயாளிகள் ஏராளம். ஊதினால் ஒரு பயனும் இல்லை. உறிஞ்சிப் பந்தை மேலேற்றி, சில விநாடி நிறுத்திக் காட்ட வேண்டும். கையில் கொடுத்துவிட்டு நகராமல், அவர் இழுக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் இருமல் அவ்வளவு வலிக்காது.

மூச்சு விடு என்று முகுளத்தை முதன்மையாகத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு கூடுவது. அது கூடினால் அமிலத்தன்மை கூடும். முகுளம் அதை நொடிகளில் உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். நுரையீரல் கெட்டால்தான் மூச்சு வாங்கும் என்பதில்லை. இன்சுலினை நிறுத்திவிட்ட சர்க்கரை நோயாளி ஒருவர் கீட்டோன் அமிலம் ஏறி வந்து படுக்கிறார். நெஞ்சைத் தட்டிக் கேட்டாலும் ஸ்டெத் வைத்துக் கேட்டாலும் சுத்தமாக இருக்கும். சாச்சுரேஷன் 99 காட்டும். ஆனால் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துக்கொண்டே இருப்பார். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-ல் விவரித்த மூச்சு அது. ஏறிய அமிலத்தை ஈடுகட்ட உடல் கரியமில வாயுவை ஊதித் தள்ளுகிறது. ஆக்சிமீட்டரை மட்டும் நம்புகிறவர் அவரை நன்றாக இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் கண்டறிந்த தத்துவத்தில் உருவான ஆக்சிமீட்டர் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று புரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரில் இருந்து 60-க்குச் சரியும்வரை சாச்சுரேஷன் 97-ல் இருந்து 90-க்குத்தான் இறங்கும். அதற்குக் கீழே சரிவு செங்குத்து. உடல் அதற்கு வெகு முன்பே மூச்சை வேகப்படுத்திச் சமாளிக்கத் தொடங்கியிருக்கும். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் கணக்கைக் குழப்பும். கறுப்பின நோயாளிகளிடம் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியதை 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துச் சொன்னது. கருத்த மேனியர் நிறைந்த நம் வார்டுகளிலும் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மார்பின் போன்ற வலிநிவாரணி முகுளத்தை மந்தமாக்கும். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் சாச்சுரேஷன் 98 என்றே நிற்கும். மூச்சு எட்டுக்கு இறங்கி, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். எண்ணுகிறவருக்கு மட்டுமே அது தெரியவரும்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் கையை எடுக்காமல், மணிக்கட்டை அப்படியே பிடித்தபடி அவர் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். போர்வை தடுத்தால் அந்தக் கையை மடக்கி மார்பின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்குவது உங்கள் விரலுக்கே தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதோ கழிப்பறைக்குப் போய் வந்த உடனேயோ எண்ணாதீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு மூச்சு தவறினாலும் விடையில் நான்கு மாறிவிடும்.

குழந்தைகளிடம் ஒரு நிமிடம் முழுதாக எண்ணியே ஆக வேண்டும். பச்சிளங்குழந்தை சில விநாடி நிறுத்திவிட்டு மறுபடி வேகமாக மூச்சு விடும். அது இயல்புதான். இருமலோடு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகளை மனப்பாடமே செய்துவிடுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு. பால் குடிக்கும்போதோ அழும்போதோ எண்ணக் கூடாது. தாய் மடியில் அமைதியாக இருக்கையில் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே ஒடுங்கினால் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். "சார், ஆறாம் பெட்ல மூச்சு வாங்குறார்" என்றால், "ஆக்சிஜன் வைங்க, ரவுண்ட்ஸ்ல பார்க்கிறேன்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஆறாம் பெட், முந்தாநாள் வயித்துல ஆபரேஷன் ஆனவர். ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன், மூச்சு 28 இருக்கு. காலையில 18 இருந்துச்சு. மேலோட்டமா இழுக்கிறார், கழுத்துத் தசை தெரியுது. சாச்சுரேஷன் 95, பல்ஸ் 104. தலைமாட்டை உயர்த்தி வச்சிருக்கேன். இப்பவே வந்து பாருங்க சார்."

(தொடரும்)