50 தேன் பெட்டியா? முதல்ல 2 வாங்குங்க!

தேனீ வளர்ப்புன்னு சொன்னதுமே பலரும் கேட்கிறது, "50 பெட்டி போட்டா மாசம் எவ்வளவு வரும்?" என் பதில்: 2 பெட்டி போதும். அதுவும் கடன் வாங்காம, கையில இருக்கிற காசுல.

காரணம் இருக்கு. நம்ம ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் வளர்வது இந்தியத் தேனீ. ஆடு, மாடு மாதிரி இதைக் கட்டிப்போட முடியாது. பெட்டியைச் சும்மா சும்மா திறந்தாலோ, எறும்பு ஏறினாலோ, மெழுகுப் பூச்சி அடையை அரிச்சாலோ, பூ இல்லாம தேன் தீர்ந்தாலோ மொத்தக் கூட்டமும் கிளம்பிடும். இஎம்ஐ மட்டும் உங்ககிட்டயே இருக்கும்!

அதனாலதான் அதிகம் கை வைக்காத இயற்கை முறையைப் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். கீழறையில் இருக்கிற புழுவும் தேனும் தேனீக்களுக்கு. மேலறையில், அதுங்களே மெழுகால் மூடி வெச்ச அடைத் தேன்தான் உங்களுக்கு. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் துளிர்க்கும் மாசங்கள்தான் தேன் சீசன். (ரப்பரில் தேன் சுரக்கிறது பூவில் இல்லை, இளம் இலைக் காம்பில்!) சீசன்ல அடியோடு வழிச்சு எடுத்துட்டா, மழைக்காலம் முழுக்க சர்க்கரைப் பாகு வாங்கி ஊத்தணும். அது தனிச் செலவு. ஆனா கூட்டம் பட்டினி கிடந்தா கொள்கை பேசாதீங்க, பாகு வைங்க.

நோய்க்கும் இதே கதைதான். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் பரவி, பெட்டி பெட்டியா கூட்டங்களை அழிச்சுது. மருந்து கிடையாது. தாக்குப்பிடிச்ச கூட்டங்களைப் பிரிச்சுப் பெருக்கித்தான் தொழில் மறுபடி எழுந்தது. அதனால விலை குறைவுன்னு பார்க்காம, நோய் இல்லாத, வலுவான கூட்டமா உங்க பகுதியிலேயே வாங்குங்க.

இப்போ கணக்கு. ஒரு பெட்டிக்கு 5 கிலோ, கிலோ 500 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 2 பெட்டிக்கு வருஷம் 5,000 ரூபாய். மாசம் இல்லை, வருஷம்! முதல் வருஷம் ஒண்ணுமே வராமலும் போகலாம். தோட்டம் இருந்தா மகரந்தச் சேர்க்கையால காய்ப்பு கூடும், அது வேற லாபம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தர்றாங்க, போய்ட்டு வந்து தொடங்குங்க. கொட்டினா அலர்ஜி வர்றவங்க டாக்டரைக் கேட்காம இறங்கவே வேண்டாம்.

வாங்கும்போது காலிப் பெட்டி விலை, கூட்டத்தோட விலை ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. சட்டத்தைத் தூக்கி, ராணி இட்ட முட்டையைக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்க.