தொலைவிலிருந்து புதுப்பிக்கும் மருத்துவ அத்தாட்சி

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வது ஒரு வழி. வைத்தியர் நோயாளியின் இல்லத்தைத் தேடி வருவது மற்றொரு வழி. இவ்விரண்டையும் நெடுங்காலமாக நாம் அறிவோம். இருவரும் தத்தம் இடத்தில் இருந்தபடியே, கைத்தொலைபேசியின் திரையில் ஒருவரையொருவர் கண்டு பேசும் மூன்றாவது வழியொன்றும் இப்போது வழக்கிற்கு வந்துவிட்டது. தொலைவழி வைத்தியம் என்பது அதன் பெயர். அமெரிக்காவிலுள்ள புளோரிடா மாநிலத்தில் இவ்வழி, மருந்தாகக் கஞ்சாவைப் பயன்படுத்தும் நோயாளரின் அத்தாட்சிகளைப் புதுப்பிப்பதற்குத் திறந்துவிடப்பட்ட வரலாற்றையும், அதனால் எழுந்த கேள்வியையும் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகஞ் சுழித்தல் கூடும். அதில் வியப்பில்லை. ஆயுர்வேத வைத்தியத்துக்கெனச் சட்டம் விட்டுவைத்த வழியன்றி அதனை வைத்திருத்தல் நம் நாட்டிற் குற்றமாகும். அதனைப் புகழ்வதும் இகழ்வதும் இப்பேச்சின் நோக்கமன்று. வைத்தியர் ஒருவர் தம் கையொப்பத்தை இடும்போது அதன் பொருள் யாது என்பதே நாம் ஆராயப் புகுவது.

முதலில், இஃது ஏன் மருந்துச் சீட்டாக இல்லாமல் அத்தாட்சியாக இருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். 1970 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு இயற்றிய சட்டமொன்று கஞ்சாவை முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வைத்தியப் பயன் எதுவும் இல்லாதவை எனக் கருதப்பட்ட பொருள்களுக்குரிய அட்டவணை அது. அவ்வாறான பொருளுக்கு எந்த வைத்தியரும் மருந்துச் சீட்டு எழுத இயலாது. ஆயினும் 1996 இல் கலிபோர்ணியா மாநில மக்கள், நோயுற்றோர் வைத்தியரின் விதப்புரையின் பேரில் இதனைப் பயன்படுத்தலாம் என வாக்களித்தனர். அவ்வாறு விதந்துரைக்கும் வைத்தியரின் உரிமத்தைப் பறிக்கப் போவதாக மத்திய அரசு எச்சரித்தது. வழக்கு நீதிமன்று ஏறிற்று. நோயாளிக்கு ஆலோசனை கூறுதல் வைத்தியரின் பேச்சுரிமையுள் அடங்கும் என 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003 இல் உயர் நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. இவ்வாறு, சீட்டு எழுத இயலாத வைத்தியருக்குத் தம் கருத்தை எழுதிக் கொடுக்கும் வழியொன்று பிறந்தது. கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் பிரேரணையை மத்திய நீதித் திணைக்களம் வெளியிட்டது 2024 ஆம் ஆண்டிலேதான்.

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். அரசியல் யாப்பைத் திருத்த அங்கு நூற்றுக்கு 60 வாக்குகள் வேண்டும். 2014 இல் மருத்துவக் கஞ்சாவுக்கான திருத்தம் 57 அளவிலே நின்று தோற்றது. 2016 இல் 71 பெற்று வென்றது. புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன் நோய் முதலியன அதிற் குறிக்கப்பட்டன. வயது வந்தோர் அனைவரும் வாங்கலாம் என்னும் மற்றொரு திருத்தம் 2024 இல் ஏறக்குறைய 56 பெற்றும் தோல்வியுற்றது. ஆகவே, அந்நாளில் வைத்தியரின் அத்தாட்சி ஒன்றே அங்கு சட்டத்தின் வாயிலாக நிலைபெற்றது.

2017 இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வாயிலுக்கு இரண்டு கடிகாரங்களை மாட்டிற்று. ஒன்று வைத்தியரின் கடிகாரம். நோயாளியை 30 வாரங்களுக்கு, அதாவது 210 நாள்களுக்கு, ஒருமுறையேனும் ஆராய்ந்த பின்னரே அவர் அத்தாட்சியைப் புதுப்பிக்கலாம். மற்றொன்று அரசாங்கத்தின் கடிகாரம். 75 டொலர் செலுத்திப் பெறும் அடையாள அட்டையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதி, அட்டை செல்லுபடியாக இருக்க அத்தாட்சி முடிந்துபோனதை அறியாது, மருந்துக் கடையின் வாயிலில் நின்று வெறுங்கையுடன் திரும்புதல் எளிதில் நேரக்கூடிய துன்பம்.

ஒரு நோயாளியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறது. வாகனம் ஓட்ட இயலாது. மகள் தன் வேலைக்கு ஒருநாள் விடுமுறை எடுத்து அழைத்துச் செல்லவேண்டும். புளோரிடா நீண்டு கிடக்கும் தீபகற்பம். அங்கு வாழ்வோரில் ஐவருள் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். எந்த நோயின் பொருட்டு மருந்து வேண்டப்படுகிறதோ, அந்நோயே அத்தாட்சியைப் பெறச் செல்லும் பயணத்துக்குத் தடையாகிறது.

2020 மார்ச்சில் கொவிட் நோய் பரவியபோது, ஏற்கெனவே பதிவு பெற்ற நோயாளரைத் தொலைவழியே ஆராய்ந்து அத்தாட்சியைப் புதுப்பிக்க அவசர ஆணையொன்று இடங்கொடுத்தது. 2021 ஜூன் மாதத்தில் அவசரகாலம் முடிய, அச்சலுகையும் முடிந்தது. வசதியை ஒருமுறை கண்டவர்கள் மீண்டும் நெடும்பயணத்துக்குத் திரும்பினர். ஈராண்டின் பின், 2023 ஜூலை முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் அச்சலுகையை நிலையான சட்டமாக்கிற்று. ஆனால் ஓர் எல்லையும் வகுத்தது. முதல் அத்தாட்சிக்கு வைத்தியரும் நோயாளியும் ஒரே அறையில் இருந்து பரிசோதனை நடைபெறவேண்டும். புதுப்பித்தலுக்கு மாத்திரமே தொலைவழி போதுமானது. முன்னறிமுகம் இல்லாத ஒருவரைத் திரையில் மட்டும் கண்டு தீர்மானித்தல் வேறு. ஏற்கெனவே தொட்டுச் சோதித்த ஒருவரின் நிலையை மீண்டும் விசாரித்தல் வேறு என்பது இதன் நியாயம்.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய கேள்வி எழுகிறது. புதுப்பித்தல் என்பது முத்திரை குத்தும் காரியமா, மீண்டும் தீர்மானிக்கும் காரியமா?

ஓர் உதாரணம் கூறுகிறேன். குமட்டலைத் தணிப்பதற்கெனக் கஞ்சாவை நாடுவோர் பலர். ஆனால் நெடுநாள் மிகுதியாகப் பயன்படுத்தும் சிலருக்கு அக்கஞ்சாவே ஓயாத வாந்தியை உண்டாக்குகிறது. நோயாளியோ, வாந்தி கூடிவிட்டதே எனப் பின்னும் மிகுதியாகப் பயன்படுத்துகிறார். தீயை அணைக்க நெய் வார்த்த கதைதான். இவர்களிடம் ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வெந்நீரிற் குளிக்குந்தோறும் வாந்தி தணிவதாக உணர்ந்து, நாளில் பலமுறை குளிப்பார்கள். "வாந்தி வரும்போது என்ன செய்கிறீர்கள்? வெந்நீரிற் குளித்தால் சுகமாக இருக்கிறதா?" என்று வைத்தியர் கேட்டால் உண்மை வெளிப்படும். இதற்கு ஒரே அறை அவசியமன்று. கேட்காமற் கையொப்பமிட்டால், ஒரே அறையில் இருந்தும் பயனில்லை.

ஆகவே தொலைவழி ஆராய்வில் நோயாளி சில ஆயத்தங்களைச் செய்துகொள்ளல் நன்று. தாம் உட்கொள்ளும் மருந்துப் போத்தல்கள் அனைத்தையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கப்படும் வார்பரின் போன்ற மருந்துகளோடு கஞ்சா முரண்படக் கூடும். வைத்தியசாலைக்குச் செல்கையில் வீட்டில் மறந்துவிட்ட போத்தல், வீட்டிலிருந்து பேசும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பது தொலைவழியின் நன்மைகளுள் ஒன்று. உடல் நிறையையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்து வைக்கலாம். அண்மையில் தடுமாறி விழுந்ததுண்டா, உறக்கம் எப்படி, மனக் கலக்கம் மிகுந்ததா என்பனவற்றையும் மறையாது கூறவேண்டும். வயிற்றை அழுத்திப் பார்த்தலும் நரம்பைத் தட்டிச் சோதித்தலும் திரைவழியே இயலாதவை. அவை வேண்டும் எனத் தோன்றினால் நேரில் வரச் சொல்லுதல் வைத்தியரின் கடன், செல்லுதல் நோயாளியின் கடன்.

அத்தாட்சி வழங்கும் வைத்தியர் கஞ்சா விற்கும் நிலையத்தில் பொருளாதார நலன் உடையவராக இருத்தலாகாது எனச் சட்டம் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே. எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றானால், மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பு எழாது. நிமிடக் கணக்கில் அத்தாட்சி கிடைக்கும், கேள்வி எதுவும் இல்லை என விளம்பரம் செய்வோரை நோயாளர் ஐயுற வேண்டியதும் அதனாலேயே. வைத்தியரின் கேள்விகளுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

நேயர்களே, வானொலியிற் பேசுபவன் கேட்போரின் முகத்தைக் காண்பதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி அமைகிறான். வைத்தியர் அவ்வாறு அமைந்துவிட இயலாது. எத்துணைத் தொலைவில் இருப்பினும் அவர் கேட்கவேண்டும், பதிலைச் செவிமடுக்கவேண்டும், தேவையானால் இல்லை என்றும் சொல்லவேண்டும். நடுங்கும் கையையுடைய முதியவரை நெடும்பயணத்திலிருந்து விடுவித்தது நல்ல சட்டம். அம்முதியவரின் நலத்தை விசாரிக்கும் கடமையிலிருந்து அச்சட்டம் எவரையும் விடுவிக்கவில்லை.