வாயில் வைக்கும் உலோகத்தின் பெயரைக் கேளுங்கள்

2009 இல் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் விழுந்து எனது கடைவாய்ப்பல் உடைந்தது. முகாமில் பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? மீள்குடியேறிய பின், 2012 இல், சீட்டுக் காசில் அந்தப் பல்லுக்கு உலோக உறை போட்டேன். "கறள் பிடிக்காது" என்றார்கள். என்ன உலோகம் என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்களில் செப்புக் காசை வாயில் வைத்தது போன்ற சுவை வந்தது. உறையைச் சுற்றி முரசு சிவந்து வீங்கியது. புற்றுநோயோ என்று பயந்து, பிள்ளைகளுக்கும் சொல்லாமல் ஒரு வருடம் மறைத்தேன். கடைசியில் என் தங்கைதான் பல் வைத்தியரிடம் கூட்டிச் சென்றாள்.

வாயைப் பார்த்த அந்த அம்மா, "அக்கா, கவரிங் தோடு போட்டால் காது கடிக்குமா?" என்று கேட்டார்.

"ஓம், நீரும் வடியும்."

"இது புற்றுநோய் இல்லை. நிக்கல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கு. உறையும் அரிபட்டிருக்கு."

பின்னர் அவர் விளக்கினார். தேசிக்காய் வெட்டிய இரும்புக் கத்தி கறுக்கிறது; எவர்சில்வர் கரண்டி கறுப்பதில்லை. காரணம், எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியம். அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையாக உலோகத்தை மூடுகிறது. கீறுபட்டாலும் படை மீண்டும் உருவாகும். உமிழ்நீரில் உப்பு உண்டு; புளியும் பழச்சாறும் அமிலம் சேர்க்கின்றன. இவற்றைத் தாங்க அந்தப் படை முழுமையாக இருக்க வேண்டும்.

மலிவான உறைகள் பலவும் நிக்கலும் குரோமியமும் கலந்தவை. குரோமியம் ஏறக்குறைய 16 வீதத்திலும் குறைந்தால் படை சீராக அமையாது; நிக்கல் கரைந்து வாய்க்குள் வரும். போதிய குரோமியத்துடன் சிறிது மொலிப்டினமும் சேர்ந்தால் குழி விழும் அரிப்புக் குறையும். கட்டுப்பல்லின் உலோகச் சட்டகத்துக்கு வழக்கமான கோபால்ற்றுக் கலப்பில் குரோமியம் 25 முதல் 30 வீதம் வரை உண்டு. தங்கத்துக்கு இந்தப் படையே தேவையில்லை. அது இலகுவில் அரிபடாது, ஆனால் விலை எங்களுக்கு எட்டாது.

என் உறையைக் கழற்றியபோது உட்புறம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. நிக்கல் சேராத கோபால்ற்று உறை போட்டார்கள். சில வாரங்களில் வீக்கம் வற்றியது. இப்போது வாயைப் பொத்தாமல் சிரிக்கிறேன்.

சகோதரிகளே, நிக்கல் உறை போட்ட எல்லோரும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. பலருக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் இவற்றை மறவாதீர்கள்:

• உறையோ கட்டுப்பல்லோ வைக்குமுன், "என்ன கலப்புலோகம்? நிக்கல் உண்டா? குரோமியம் எவ்வளவு?" என்று கேட்டு, எழுதி வாங்கி வையுங்கள்.

• கவரிங் நகை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

• உலோகச் சட்டகமுள்ள கட்டுப்பல்லை வெளிற்றும் திரவத்தில் ஊறப்போடாதீர்கள். அது உலோகத்தை அரிக்கும். மென்மையான தூரிகையும் சவர்க்கார நீரும் போதும்.

• வாயில் புண்ணோ வெள்ளை, சிவப்புப் படலமோ இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். என்னைப் போல ஒரு வருடம் பயத்தோடு இருக்காதீர்கள்.

கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. வாய் எங்களுடையது.