கிளாப் பலகை யார் கையில்?

மாணவர்கள் குறும்படம் எடுக்க முதல் நாள் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கிளம்பினால் வேலைப் பங்கீடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். கேமராவுக்குப் போட்டி இருக்கும், பூம் மைக் பிடிக்க ஆள் தேட வேண்டியிருக்கும், எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் மிஞ்சி நிற்பவரிடம் கிளாப் பலகை போய்ச் சேரும். பட பூஜையில் யாராவது ஒரு பிரமுகர் சிரித்தபடி கிளாப் அடிக்கும் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து, அதைக் குத்துவிளக்குக்கு அடுத்த சடங்குப் பொருளாகவே நினைக்கப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு அளவுக் கருவி. தளத்தில் உள்ள கருவிகளிலேயே விலை மலிவானது அதுதான். ஆனால் குழுவில் கவனம் மிகுந்த ஆளிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

காரணம் எளிது. கேமரா படத்தைப் பதிகிறது. நல்ல ஒலியோ தனி ரெக்கார்டரில் பதிவாகிறது. இரண்டையும் பிறகு ஒன்று சேர்த்தாக வேண்டும். ஊமைப்பட காலத்தில் எண் எழுதிய வெறும் சிலேட்டே போதுமானதாக இருந்தது. பேசும் படம் வந்த பிறகுதான் அதன் தலையில் கீல் வைத்த கட்டை ஏறியது. கட்டை மூடும் கணம் படத்தில் ஒரு குறிப்பிட்ட ஃப்ரேமில் தெரியும். ஒலிப்பதிவில் அதே கணம் ஊசி போல் எழும்பி நிற்கும். இந்த இரண்டையும் பொருத்திவிட்டால் அந்த டேக் முழுவதும் உதடும் சொல்லும் சேர்ந்துகொள்ளும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. படத்தைவிட ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்வையாளருக்கு உறுத்தத் தொடங்கும் என்பது ஒளிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரைகளில் உள்ள அளவு. பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது, காது அதற்குப் பழகியிருக்கிறது. எப்படியானாலும், தொகுப்பு மேசையில் ஒரு ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் என்று சண்டை பிடிப்பது வீண் பிடிவாதம் இல்லை.

‘இதையெல்லாம் இப்போது மென்பொருளே செய்துவிடுகிறதே’ என்று கேட்கலாம். செய்கிறது. கேமராவில் உள்ள சிறிய மைக் பதிந்த ஒலியையும் ரெக்கார்டரின் ஒலியையும் ஒப்பிட்டு, அலை வடிவம் ஒத்துப்போகும் இடத்தில் ஒட்டிவிடுகிறது. வகுப்பறையில் இது பிரமாதமாக வேலை செய்யும். கடற்கரைக்குப் போனால் கேமரா மைக்கில் காற்றிரைச்சல் மட்டுமே மிஞ்சக்கூடும். அதைவிட நுட்பமான சிக்கல் தூரம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அதாவது ஒரு ஃப்ரேம் நேரத்தில் 14 மீட்டர். நடிகரிடமிருந்து 28 மீட்டர் தள்ளி, டெலி லென்ஸ் போட்டு நிற்கும் கேமராவுக்கு வசனம் இரண்டு ஃப்ரேம் தாமதமாகவே வந்து சேரும். சட்டை காலரில் குத்திய மைக்கில் உடனே பதிவான வசனத்தை மென்பொருள் அந்தத் தாமத ஒலியோடு பொருத்தி, பிழையை அப்படியே படத்தில் ஏற்றிவிடும். கிளாப்பை நடிகரின் மைக்குக்குப் பக்கத்தில் அடித்தால் இந்தக் கோளாறு வராது, ஏனென்றால் அங்கே நாம் பொருத்துவது கண்ணால் காணும் கட்டையோடு. கேமராவுக்கு வசதியாக இருக்கிறதே என்று மைக்கை விட்டுத் தள்ளி நின்று அடித்தால் மட்டும் தூரம் மறுபடி குறுக்கே வரும். இன்னொன்றும் உண்டு: இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடும்போது நான்கு ஃப்ரேமுக்கு மேல் விலகிவிடும். இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவைக்கும் டைம்கோடு பெட்டிகள் வாங்க வசதி இருந்தால் நல்லது. மாணவர் படத்தில் அந்தப் பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் போய்விடும்.

‘தமிழில் எப்படியும் டப்பிங்தானே’ என்பது அடுத்த வாதம். நம் சினிமா நெடுங்காலம் அப்படி வளர்ந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் டப்பிங் அறையில் நடிகர் காதில் போட்டுக் கேட்பது தளத்தில் பதிந்த பைலட் ஒலியை. அது உதட்டோடு பொருந்தாமல் இருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்? சரி, கையைத் தட்டினால் போதாதா? ஒத்திசைவுக்குப் போதும், எண் கிடைக்காது. பலகையில் 12/3/2 என்றிருந்தால் பன்னிரண்டாவது காட்சி, மூன்றாவது ஷாட், இரண்டாவது டேக். அதையே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடிக்க வேண்டும், அப்போதுதான் படமில்லாத ஒலிக் கோப்பும் தன் அடையாளத்தோடு இருக்கும். எழுத்து ஃபோகஸில் இருக்கிறதா, கட்டையை விரல் மறைக்கிறதா, டேக் எண்ணை மாற்றியாயிற்றா என்று பார்க்க வேண்டும். நெருக்கமான ஷாட்டில் அழத் தயாராகும் நடிகரின் மூக்குக்கு முன்னால் படாரென்று அடிக்காமல் மெல்லத் தட்ட வேண்டும். தொடக்கத்தில் அடிக்க முடியாத ஷாட்டுக்கு, இயக்குநர் ‘கட்’ சொல்வதற்கு முன் குரல் கொடுத்து, பலகையைத் தலைகீழாகப் பிடித்து முடிவில் அடிக்க வேண்டும். அந்தக் குரல் வராவிட்டால் கேமராக்காரர் நிறுத்திவிடுவார், டேக் அடையாளமில்லாமல் போய்விடும்.