வெள்ளெழுத்து: மீண்டும் லேசர் சிகிச்சை தேவையா?

வெள்ளெழுத்துக்கு லேசர் சிகிச்சை பெற்ற சிலருக்குச் சில ஆண்டுகளில் நாளிதழின் எழுத்து மீண்டும் மங்கத் தொடங்கலாம். லேசர் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. உள்ளிருக்கும் விழிவில்லை வயதோடு இறுகிக்கொண்டே செல்கிறது.

மறுசிகிச்சைக்கு முன், பார்வை அளவு நிலைபெற்றுள்ளதா, கண் வறட்சி உள்ளதா, புரை தொடங்கியுள்ளதா என ஆராய்கிறோம். வறட்சியே காரணமெனில் சொட்டு மருந்தே போதுமானதாகலாம். புரையெனில் லேசர் பயன் தராது. வில்லையை மாற்றுவதே முறை. லாசிக் முறையில், மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரான் தடிமன் எஞ்சாதெனில் மீண்டும் லேசர் செய்வதில்லை. கருவிழி வலுவிழந்து புடைக்கக்கூடும். அத்தகையோருக்குப் படிக்கும் கண்ணாடியே பாதுகாப்பானது.

முதற் சிகிச்சைக்கு முந்தைய அளவுக் குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் புரை அறுவை செய்ய நேர்ந்தால், செயற்கை வில்லையின் திறனைக் கணக்கிட அவை எங்களுக்கு உதவும்.