உறையில் இல்லாத இலக்கம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர்களின் பைகளைப் பார்த்தால், மரக்கறிக்கும் பாணுக்கும் நடுவே மருந்து உறையும் கிடக்கும். சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் யாழ்ப்பாணக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுத்த குளிசைகள். சின்னக் கடதாசி உறை. மேலே மருந்தின் பெயர், காலை ஒன்று, இரவு ஒன்று. தொகுதி இலக்கம், மருந்துக்கடைக்காரர் வாயில் பற்ச் நம்பர், பெரும்பாலும் அதில் இராது. அது பெட்டியோடு ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிடும்.

பழுதான மருந்தைத் திருப்பி எடுக்க அந்த இலக்கம்தான் பிடி. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் பாணி குடித்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் என்ற அந்தப் பாணியின் எஸ்ஆர்-13 என்ற தொகுதியைத்தான் தமிழ்நாட்டு ஆய்வுகூடம் சோதித்தது. அதில் 48.6 வீதம் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே பொருள்தான். விற்குமுன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1938இல்.

மருந்துக் கொள்கையில் இலங்கை உலகுக்கே முன்னோடியாக இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். கம்பனிப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் எழுதுங்கள் என்றார். இறக்குமதியைக் கேள்விப்பத்திரத்தின் கீழ் கொண்டுவந்தார். பன்னாட்டுக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. வாந்திபேதி பரவிய காலத்தில், கூட்டுத்தாபனம் தருவித்த மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் செய்து தர பைசர் மறுத்தது. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஆனாலும் ஊரில் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் எல்லாரும் கேட்பது பனடோல். பரசிட்டமோல் என்று பொதுப்பெயரில் கேட்பவர் அரிது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. பதிவில்லாத மருந்து நாட்டுக்குள் வரக்கூடாது என்பது அதன் அடிப்படை. 2022இன் டொலர்த் தட்டுப்பாடு அந்தக் கதவைத் தளர்த்தியது. அவசரக் கொள்வனவு என்ற பெயரில் பதிவு விலக்கோடு மருந்துகள் வந்தன. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்த சிலரின் பார்வை பாதிக்கப்பட, குஜராத்தில் தயாரான பிரெட்னிசொலோன் சொட்டுமருந்து மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டில் தரங்கெட்ட இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரமும் வெடித்தது. அது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார்.

மீளப்பெறும் சுற்றறிக்கை வந்தால் ஆஸ்பத்திரி தன் இறாக்கையில் மிச்சமிருப்பதை ஒதுக்கி வைக்கும். உறையில் ஏறிக் கடல் தாண்டிய குளிசையை எதை வைத்துத் தேடுவது? தனியார் கடையிலும் இதே கதைதான். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுபவர், இலக்கம் பொறித்த ஓரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். மிச்சத் துண்டை வாங்குகிற கடைசி ஆளுக்குத்தான் அது போய்ச் சேரும்.