மாயாபுரியைத் தேடி மலைநாடு சென்றோம்

கல்லடிப் பாலத்தின்மீது நின்றுகொண்டு வேறொரு பாலத்தைப் பற்றிப் பேசினான் என் தமக்கையின் மகன். அவன் பேசியது கயிற்றுப் பாலம். பாதாளம் போன்ற பள்ளத்தாக்கின் மேல் அது தொங்குகிறது. இரு முனைகளிலும் பகைவர் வாளேந்தி நெருங்குகின்றனர். நடுவில் அகப்பட்ட கதாநாயகன் பாலத்தையே வெட்டி வீழ்த்தி விடுகிறான்!

"மாமா, அந்த இடம் நம் இலங்கையில்தானாமே. போய்ப் பார்க்க முடியாதா?" என்றான்.

இந்தியானா ஜோன்ஸ் என்னும் வீரனின் மாயாஜாலக் கதைகளை அறியாத மாணவர் அரியர். 1981 முதல் 2023 வரை ஐந்து படங்கள் வெளிவந்துள்ளன. 1984இல் வந்த இரண்டாம் படமான 'டெம்பிள் ஒஃப் டூம்' 1935ஆம் ஆண்டில் வட இந்தியாவில் நடக்கும் கதை. மாயாப்பூர் என்றொரு சிற்றூர். அவ்வூரைக் காத்துவந்த தெய்விகக் கல்லைக் கயவர் கவர்ந்து செல்கின்றனர். கிணறுகள் வற்றுகின்றன, பயிர் அழிகிறது, ஓரிரவில் ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் பறிபோகின்றனர். கல்லையும் பிள்ளைகளையும் மீட்பதே கதாநாயகனின் வேலை.

இதனை இந்தியாவிலேயே படமாக்கத்தான் முதலில் எண்ணினார்கள். கதையைப் படித்த இந்திய அரசு பல மாற்றங்களைக் கோரியது. காளி வழிபாட்டை நரபலியோடு பிணைத்து, அரண்மனை விருந்தில் குரங்கின் மூளையையும் பரிமாறும் கதைக்கு எந்த அரசுதான் மனமுவந்து இடங்கொடுக்கும்? ஆகவே டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கும் அவர் குழுவினரும் கண்டிக்கு வந்து சேர்ந்தனர். 1983 ஏப்ரலில் படப்பிடிப்புத் தொடங்கிற்று. முடிந்த படத்தை இந்தியாவில் சில காலம் தடையும் செய்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, விடியுமுன் வான் ஒன்றில் புறப்பட்டோம். கண்டியில் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடலாம் என்று எழுபத்தைந்து வயதைக் கடந்த என் பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று ஊர்கள் கடந்தன. வயல் போய்க் காடு வந்தது. காடு போய் மலை வந்தது. மகியங்கனைக்கு அப்பால் புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளில் ஏறும்போது சிறுவர் ஒவ்வொன்றாக எண்ணினர். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்தனை அழைத்தார்.

தெல்தெனியவைத் தாண்டி விக்டோரியா அணையை அடைந்தோம். 122 மீற்றர் உயரமான இவ்வணை 1985இல் திறக்கப்பட்டது. படக்குழுவினர் வந்தபோது கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியியலாளர்களே அருகிலிருந்த பள்ளத்தாக்கில் அப்பாலத்தையும் அமைத்துக் கொடுத்தனர். கயிற்றுப் பாலம் என்பது தோற்றத்துக்குத்தான். தாங்கி நின்றவை உருக்கு வடங்கள். டைரக்டருக்கு உயரமென்றால் அச்சம். பாலத்தில் நடக்கத் துணியாமல், மோட்டாரில் சுற்றுவழியாகவே மறுகரைக்குப் போய்வந்தாராம்! பாலம் அறுந்து வீழும் காட்சியை ஒருமுறைதான் எடுக்க முடியும் என்பதால், பல கமராக்களை ஒருங்கே வைத்து, மனிதருக்குப் பதிலாகக் கைகால் உதறும் பொம்மைகளை விழச் செய்தனர். கீழே வாய்பிளக்கும் முதலைகளை அமெரிக்காவின் புளோரிடாவில் படம் பிடித்துச் சேர்த்தார்கள். நமது வாவியில் கேட்டிருந்தால் செலவின்றிக் கொடுத்திருப்போம்.

பிறநாட்டார் நம் நாட்டில் பாலம் அமைப்பதெல்லாம் உடைப்பதற்குத்தான் போலும்! 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத்துப் படத்துக்காகக் கித்துல்கலவில் களனி கங்கைமீது பெரும் மரப்பாலம் ஒன்றைக் கட்டி, அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

"பாலம் எங்கே?" என்றான் பையன். எங்கேயும் இல்லை. அணையும், மலையும், பச்சை நீருமே இருந்தன. அந்த நீரின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. நீர்த்தேக்கத்துக்காக அங்கு வாழ்ந்தவர்கள் கடையும் வீடும் விட்டு வேறிடம் போயினர். கதையில் வரும் ஊர் நீர் வற்றி அழிந்தது; மெய்யான ஊரை நீரே மூடிற்று.

பிற்பகலில் கண்டி நகருக்கு மேலே ஹந்தானைக்குச் சென்றோம். மாயாப்பூர்க் கிராமத்தை இத்தேயிலைத் தோட்டத்தில்தான் சமைத்திருந்தார்கள். அங்கும் படத்தின் சுவடு எதுவும் எங்கள் கண்ணிற் படவில்லை. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. மற்றதெல்லாம் தேயிலைச் சரிவும் பனிமூட்டமுமே. வட இந்தியாவாகக் காட்டப்பட்ட அக்கிராமத்தவர் படத்தில் பேசுவதோ சிங்களம்! ஊர்ப் பூசாரியாக வருபவர் நம் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் வராது. டைரக்டர் கமராவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, அவர் அப்படியே திருப்பிச் சொன்னாராம். அப்படியிருந்தும் அந்த முகத்திலுள்ள துயரம் மறக்கக் கூடியதன்று.

படக்குழுவினர் போய்ச் சில வாரங்களில் அதே 1983இன் ஜூலை வந்தது. அம்மாதத்தில் தமிழர் பட்டதைப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் வீட்டில் கேட்டு அறியட்டும்.

தேநீர் குடிக்கும்போது பெரியம்மா, "என்ன கதை மனே அது?" என்று கேட்டார். பையன் உற்சாகமாகச் சொன்னான். கல்லையும் கிணற்றையும் அவர் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் பறிபோன இடம் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மறுகா, அந்தப் பிள்ளையள் வந்து சேர்ந்திட்டாங்களா?"

"எல்லாரும் வந்திட்டாங்க அம்மம்மா. ஓடி வந்து தாய்மாரைக் கட்டிப் பிடிப்பாங்க. அதுதான் கடைசிக் காட்சி."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

1990இல் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தம் இரண்டாம் மகனைப் பற்றிப் பெரியம்மா பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை. சற்று நேரம் மலையைப் பார்த்திருந்துவிட்டு, "வீட்ட போனதும் அந்தப் படத்த எனக்கும் போட்டுக் காட்டு மனே" என்றார்.

இரவு பத்து மணிக்குமேல் கல்லடிக்கு வந்தோம். 2013இல் திறந்த புதிய பாலத்தின் அருகே 1924இன் பழைய பாலம் இன்றும் நிற்கிறது. இதன் கீழேதான் பாடும் மீன்களின் ஓசை கேட்கும் என்பர். நிலவிரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைக்க வேண்டும். உலகத்துப் பாலங்களையெல்லாம் அறிந்த எங்கள் பையன் இதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, கீழே வலையை உதறிக்கொண்டிருந்த தோணிக்காரரிடம் கூவிக் கேட்டான்.

"பறுவத்துக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு தம்பி. அண்டைக்கு வாங்க" என்று பதில் வந்தது.